மார்ட்டின் லூதர் கிங்: மேடைக்குப் பின்னால் நடந்த வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவரான பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில் தேதிகள் எல்லாம் சரி. 1929 ஜனவரி 15 அட்லாண்டாவில் பிறப்பு, 1963-ல் வாஷிங்டன் பேருரை, 1964-ல் நோபல் பரிசு, 1968 ஏப்ரல் 4 மெம்பிஸில் கொலை. ஆனால் அதைப் படித்து முடிக்கிற ஒரு கல்லூரி மாணவருக்கு, ஒருவர் உருக்கமாகப் பேசினார், கேட்டவர்கள் மனம் திருந்தினார்கள், சட்டம் வந்தது என்றுதான் தோன்றும். தமிழில் கிங் பற்றி வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆள், பணம், வண்டி, வக்கீல், நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரம், ஜாமீன் என்று அவர் பக்கத்தில் ஓயாமல் நடந்த வேலையைச் சொன்னால்தான் எங்கே ஜெயித்தார், எங்கே தோற்றார், ஏன் என்பது விளங்கும். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்ட வேண்டியிருந்தால் வாஷிங்டன் பேரணியை வெட்டுங்கள், மான்ட்கோமரியை வெட்டாதீர்கள்.

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பைக் கட்டுரை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. ரோசா பார்க்ஸை ‘வேலை முடிந்து களைத்துப்போன தையற்காரப் பெண்’ என்றும் எழுதியிருந்தது. அவர் உள்ளூர் கறுப்பின உரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன், சமூகப் போராட்டக்காரர்களுக்கான டென்னசி மாநிலத்தின் ஹைலேண்டர் பயிற்சிப் பள்ளிக்குப் போய் வந்தவர். அதே ஊரில் அதே காரணத்துக்காக 1955 மார்ச் 2-ல் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் கைதாகியிருந்தார். அதற்கும் முன்பு, 1954 மே மாதமே, பெண்கள் அரசியல் பேரவையின் தலைவி ஜோ ஆன் ராபின்சன் நகர மேயருக்கு ஒரு கடிதம் எழுதி, பேருந்தைப் புறக்கணிக்கும் பேச்சு ஊரில் அடிபடுகிறது என்று எச்சரித்திருந்தார். ஆகவே 1955 டிசம்பர் 1 வியாழக்கிழமை மாலை பார்க்ஸ் கைதானபோது திட்டம் ஏற்கனவே தயார். ராபின்சன் அன்றிரவே தான் வேலை பார்த்த கல்லூரிக்குப் போய், ஒரு தாளில் மூன்று நோட்டீஸ் வருகிற மாதிரி ஸ்டென்சில் வெட்டி, விடிய விடிய ஓட்டி, தாளை மூன்றாகக் கத்தரித்துக் கட்டுக்கட்டாக அடுக்கினார். வெள்ளிக்கிழமை அவை பல்லாயிரக்கணக்கில் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் சலூன்களுக்கும் போய்விட்டன. இந்த இரவில் கிங்குக்கு எந்த வேலையும் இல்லை. தொழிற்சங்கக்காரரான இ.டி. நிக்சன் வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்த பிறகுதான் அவர் உள்ளே வருகிறார்.

டிசம்பர் 5 திங்களன்று பேருந்துகள் காலியாக ஓடின. அன்று மாலைதான் மான்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கம் உருவாகி, 26 வயது கிங் தலைவரானார். பேச்சுத் திறமை ஒரு காரணம். ஊருக்கு வந்து ஓராண்டுக்கு மேல் கொஞ்சம்தான் ஆகியிருந்தது, யாரோடும் பகை இல்லை, நகராட்சிக்குக் கடமைப்பட்டவரும் இல்லை என்பது இன்னொரு காரணம். அவர்கள் வைத்த கோரிக்கைகள் மூன்றே மூன்று: ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும்; வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார வேண்டும்; கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை நியமிக்க வேண்டும். பிரிவினையையே எடுத்துவிடு என்று முதலில் கேட்கவில்லை. இந்தச் சின்னக் கோரிக்கையைக்கூட நகர நிர்வாகம் மறுத்ததுதான் போராட்டத்தைப் பெரிதாக்கியது.

நாற்பதாயிரம் பேருக்கு மேல் பேருந்தை விட்டுவிட்டால் காலையில் வேலைக்கு எப்படிப் போவார்கள்? முதல் ஏற்பாடு, கறுப்பின டாக்சிகள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டையே வாங்குவது. குறைந்தபட்ச டாக்சிக் கட்டணம் 45 சென்ட், அதற்குக் கீழே வாங்கினால் வழக்கு என்று போலீஸ் அறிவித்ததும் அது முடிந்தது. கிங் உடனே லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இருந்த பாதிரியார் ஜெமிசனுக்குப் போன் செய்தார். அங்கே 1953 ஜூனில் இதே மாதிரி ஒரு புறக்கணிப்பு சில நாட்கள் நடந்து, சொந்தக் கார்களை வைத்துச் சமாளித்திருந்தார்கள். அவர் சொன்ன முறையை மான்ட்கோமரி அப்படியே எடுத்துக்கொண்டது. சுமார் 300 கார்கள். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் காலையில் ஏற்றும் இடங்கள், அவர்கள் வீட்டுவேலை செய்யும் வெள்ளையர் பகுதிகளில் மாலையில் ஏற்றும் இடங்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள். நகர மையத்தில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடத்தில் வண்டி மாற்றிக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. நிறுத்தங்களில் நிற்பவர்களைப் போலீஸ் விரட்டியது. அற்பக் காரணங்களுக்கு ஓட்டுநர்களுக்கு அபராதம் விழுந்தது. 1956 ஜனவரி 26-ல் கிங்கே 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைலில் போனதாகக் கைதானார். நான்கு நாள் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் வெடிகுண்டு. தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பாலிசியை ரத்து செய்தன. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டினால் அதுவே குற்றம். கடைசியில் அட்லாண்டாவில் இருந்த கறுப்பின முகவர் ஒருவர் மூலம் லண்டன் லாய்ட்ஸில் பாலிசி எடுத்தார்கள். அலபாமாவில் ஓடுகிற வண்டிக்கு லண்டனில் காப்பீடு! இந்தப் பாலிசி கிடைக்காமல் போயிருந்தால் அந்த இயக்கம் கோடைகாலத்தைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே.

பெட்ரோலுக்குப் பணம் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி, வீட்டில் கேக்கும் சாப்பாடும் செய்து விற்கும் பெண்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். அதன் பெயர் ‘எங்கிருந்தும் இல்லாதவர் மன்றம்’. வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் பெண்கள் பணம் கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று கூசாமல் சொல்லலாம்.

தெருவில் நடந்த போராட்டம் தனியாக வென்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் பிரெட் கிரே 1956 பிப்ரவரி 1-ல் பேருந்துப் பிரிவினையை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். அதில் ரோசா பார்க்ஸின் பெயரே இல்லை. அவருடைய குற்ற வழக்கின் மேல்முறையீடு மாநில நீதிமன்றத்தில் இருந்தது. இரண்டையும் கலந்தால் எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். கிளாடெட் கோல்வின் உட்பட வேறு நான்கு பெண்களின் பெயரில் வழக்கு நடந்தது. நவம்பர் 13-ல் கார் ஏற்பாட்டுக்குத் தடையாணை கேட்டு நகராட்சி தொடர்ந்த வழக்கில் கிங் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். தோற்பது உறுதி. அப்போது ஒரு நிருபர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்: பேருந்துப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தடையாணையும் அன்றே வந்தது. தீர்ப்பின் உத்தரவு கையில் கிடைக்க டிசம்பர் 20 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஐந்து வாரம் கார்களும் இல்லை, பேருந்தும் இல்லை. ஜனங்கள் நடந்தே போனார்கள். மொத்தம் 381 நாட்கள்.

ஜெயித்த பிறகு செய்ததுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. தேவாலயங்களில் நாற்காலிகளைப் பேருந்து இருக்கைகள் மாதிரி வரிசையாகப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். சிலர் வெள்ளைப் பயணிகள், ஒருவர் ஓட்டுநர், மற்றவர்கள் புதிதாக முன்வரிசையில் உட்காரப் போகிறவர்கள். வெள்ளையராக நடிப்பவர் திட்டுவார், இடிப்பார். பதிலுக்குக் கை ஓங்கியவரை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து. டிசம்பர் 19 தேதியிட்ட ஒரு பக்க அறிவுரைத் தாளும் ஊர் முழுக்கப் போனது. வேறு இருக்கை காலியாக இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதே, திட்டினால் திட்டாதே, தள்ளினால் தள்ளாதே, முதல் சில நாட்கள், அடக்கமாக இருப்பார் என்று உனக்கு நம்பிக்கையுள்ள ஒரு நண்பரோடு ஏறு, பெருமை அடித்துக்கொள்ளாதே. வென்ற பக்கத்துக்கு இப்படி ஒரு தாள் தேவை என்று நினைத்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

‘காந்தியிடமிருந்து அகிம்சையைக் கற்றார்’ என்று கட்டுரை சொல்வது பாதி உண்மை. காந்தியைப் பற்றி அவர் படித்திருந்தார். ஆனால் வீட்டில் குண்டு விழுந்த பிறகு துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு விண்ணப்பித்தவரும் அவர்தான், அது மறுக்கப்பட்டது. அகிம்சையை ஒரு நடைமுறையாக அவரிடம் கொண்டுசேர்த்தவர்கள் அமைதிவாத இயக்கத்தைச் சேர்ந்த பேயார்ட் ரஸ்டினும் கிளென் ஸ்மைலியும். அடுத்து ஜேம்ஸ் லாசன். கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது மறுத்துச் சிறை சென்ற லாசன், நாக்பூரில் ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். மான்ட்கோமரி செய்தியை அங்கேதான் நாளிதழில் படித்தார். கிங் 1959 பிப்ரவரியில் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார். கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட சமூக மாணவர்கள் படித்த பள்ளியில், ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர்’ என்று தலைமையாசிரியர் தன்னை அறிமுகம் செய்ததும் முதலில் சுருக்கென்றது, பிறகு அது சரிதான் என்று பட்டது என அவரே 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

வெள்ளையருக்கு மட்டுமான உணவகக் கவுண்டர்களில் போய் உட்காரும் போராட்டத்துக்காக லாசன் டென்னசியின் நாஷ்வில்லில் மாணவர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகள் கிங்கின் பெயரில் இல்லாவிட்டாலும் அவர் இயக்கத்தின் முதுகெலும்பு என்று சொல்லலாம். முகத்தில் சிகரெட் புகை விடுவது, முக்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவது, வசவு எல்லாம் ஒத்திகையில் நடக்கும். கீழே விழுந்தால் தலையை எப்படிக் காப்பது என்று சொல்லித் தருவார்கள். 1960 பிப்ரவரியில் உணவகங்களில் உட்காரத் தொடங்கியபோது ஒவ்வொருவர் கையிலும் விதிகள் இருந்தன: நிமிர்ந்து உட்கார், முகம் கவுண்டரைப் பார்த்தே இருக்க வேண்டும், சிரிக்காதே, வாசலை மறிக்காதே, தலைவர் சொல்லாமல் எழாதே. பிப்ரவரி 27-ல் முதல் குழுவைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனதும் அடுத்த குழு வந்து அதே முக்காலிகளில் உட்கார்ந்தது. அன்று 81 பேர் கைது. மே 10-ல் ஆறு உணவகங்கள் கறுப்பினத்தவருக்கும் திறந்துவிட்டன.

இனி தோல்வி. ஜார்ஜியாவின் ஆல்பனியைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. 1961 நவம்பரில் அங்கே தொடங்கிய இயக்கம் பேருந்து நிலையம், நூலகம், பூங்கா, உணவகம், வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டது. போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் கிங்கின் முறைகளை உட்கார்ந்து படித்திருந்தார். கேமரா முன்னால் ஒருவரையும் அடிக்கக் கூடாது என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். இனப் பிரிவினைச் சட்டத்தில் வழக்குப் போடாமல், அனுமதியின்றி ஊர்வலம், அமைதிக்குப் பங்கம் என்று போட்டார். அதனால் கூட்டாட்சி அரசு தலையிட வழியில்லை. முக்கியமாக, சுற்று வட்டார மாவட்டச் சிறைகளோடு முன்கூட்டியே பேசி இடம் பிடித்து வைத்தார். சிறை நிரப்பும் போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள், சிறைதான் நிரம்பவில்லை. போராட ஆட்கள் தீர்ந்துபோனார்கள்.

கிங் தரப்பிலும் பிழைகள். 1961 டிசம்பரில் கைதாகி, கிறிஸ்துமஸை உள்ளேயே கழிப்பேன் என்றவர், வாய்வார்த்தையாக ஒரு சமரசம் ஆனதும் ஜாமீனில் வந்துவிட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. நகராட்சி பேச்சை மாற்றிக்கொண்டது. 1962 ஜூலையில் 178 டாலர் அபராதம் அல்லது 45 நாள் சிறை என்றபோது சிறையைத் தேர்ந்தெடுத்தார். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அபராதத்தைக் கட்டிவிட, அவரைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்! அடுத்து கூட்டாட்சி நீதிபதி ஒருவரின் தடையாணை. கூட்டாட்சி நீதிமன்றங்களை நம்பியிருந்த இயக்கம் அதை மீறத் தயங்கியது, வேகம் குறைந்தது. ஒருநாள் இரவு கல்லும் பாட்டிலும் பறந்தன, கிங் பரிகார நாள் அறிவித்தார். ஆகஸ்டில் கையை விரித்துக்கொண்டு ஊரை விட்டுப் போனார். எல்லாவற்றையும் எதிர்க்காமல் ஏதாவது ஒன்றைக் குறிவைத்திருக்க வேண்டும், ஓட்டுப் பலம் இல்லாத இடத்தில் அரசியல்வாதிகளை விட்டு வியாபாரிகளை நெருக்கியிருக்க வேண்டும் என்று அவரே பின்னர் கணக்குப் பார்த்தார்.

1963-ல் அலபாமாவின் பர்மிங்ஹாம் போராட்டம் இந்தப் பாடத்தின் மேல் கட்டப்பட்டது. அந்நகரில் பல ஆண்டுகளாகப் போராடிவந்த பிரெட் ஷட்டில்ஸ்வொர்த் அழைத்துத்தான் கிங் போனார். திட்டம் வகுத்தவர், கிங்கின் அமைப்பான தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் நிர்வாகி வயாட் டீ வாக்கர். கடைவீதியின் பெரிய பல்பொருள் கடைகளின் உணவுக் கவுண்டர்களில் எத்தனை முக்காலிகள், எத்தனை வாசல்கள் என்று எண்ணினார். தேவாலயத்திலிருந்து கடைவீதிக்கு ஒரு இளைஞர் நடக்க எவ்வளவு நேரம், ஒரு முதியவர் நடக்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்தார். முதல் இலக்கை மறித்தால் போக இரண்டாவது, மூன்றாவது இலக்குகள் தயார். கிறிஸ்துமஸுக்கு அடுத்து வியாபாரம் சூடுபிடிப்பது ஈஸ்டர் வாரங்களில்; அந்த விற்பனையில் கை வைப்பதுதான் நோக்கம். மேயர் தேர்தல் குறுக்கே வந்ததால் ஏப்ரல் 3 வரை தள்ளிப்போட வேண்டியதாயிற்று, ஈஸ்டரோ ஏப்ரல் 14.

சேர்ந்தவர்கள் அனைவரும் ஓர் உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டார்கள். அதில் பத்து விதிகள். தினமும் இயேசுவின் போதனையைத் தியானி என்று தொடங்கும். இயக்கம் தேடுவது நீதியும் சமரசமும், வெற்றி அல்ல. நண்பரிடமும் எதிரியிடமும் சாதாரண மரியாதையைக் கடைப்பிடி. முஷ்டியாலும் நாவாலும் நெஞ்சாலும் வன்முறை செய்யாதே. உடம்பை நன்றாக வைத்துக்கொள். ஊர்வலத்தில் குழுத்தலைவர் சொல்வதைக் கேள். ஊர்வலத்தில் வர முடியாதவர்கள் ‘டிக்’ செய்ய ஒரு பட்டியல்: எடுபிடி வேலை, கார் ஓட்டுவது, தொண்டர்களுக்குச் சமையல், தட்டச்சு, தொலைபேசி, நோட்டீஸ் விநியோகம். கடைசியில் பெயர், முகவரி, நெருங்கிய உறவினர் யார் என்ற கேள்வி. பையில் கத்தி முதலான எந்த ஆயுதம் இருந்தாலும் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

அவ்வளவு திட்டமிட்டும் தொடக்கம் மந்தம். முதல் நாள் கைதானவர்கள் இருபது பேர் அளவில்தான். ஊரின் கறுப்பினப் பாதிரியார்களிலும் வியாபாரிகளிலும் பலர் ‘இப்போது வேண்டாம்’ என்றார்கள். ஏப்ரல் 10-ல் மாநில நீதிமன்றத் தடையாணை. ஜாமீன் பணமும் தீர்ந்துவிட்டது. அலபாமாவில் பர்மிங்ஹாமுக்கு மட்டும் மேல்முறையீட்டுப் பிணைத்தொகையை 300 டாலரிலிருந்து 2,500 டாலராக ஏற்றியிருந்தார்கள். வெளியே இருந்து பணம் திரட்டக் கிங்கை விட்டால் ஆள் இல்லை. அவர் உள்ளே போனால் உள்ளே இருப்பவர்களை யார் மீட்பது? கேஸ்டன் விடுதியின் 30-ஆம் எண் அறையில் இதைப் பேசிக்கொண்டிருந்தவர்களை விட்டு அடுத்த அறைக்குப் போனவர், முரட்டு நீலத்துணி வேலை உடை போட்டுக்கொண்டு திரும்பினார். ஏப்ரல் 12, பெரிய வெள்ளி. அன்று கைது. சிறையில் நாளிதழ் ஓரங்களில் எழுதத் தொடங்கியதுதான் பர்மிங்ஹாம் சிறைக் கடிதம், போராட்டத்தைக் குறைகூறிய ஊரின் எட்டு வெள்ளை மதகுருமார்களுக்குப் பதில்.

அந்தக் கடிதத்தில் பலரும் மேற்கோள் காட்டுகிற அநீதி பற்றிய வரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நான்கு படிகள் பற்றிய பத்தி. முதலில் அநீதி இருக்கிறதா என்று விவரம் திரட்டு. இரண்டாவது, பேசிப் பார். மூன்றாவது, அடி விழுந்தால் தாங்குவாயா, சிறையைப் பொறுப்பாயா என்று உன்னை நீயே கேட்டுத் தூய்மைப்படுத்திக்கொள். நான்காவதுதான் நேரடி நடவடிக்கை. பேசிப் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்குக் கையோடு பதிலும் இருக்கிறது: 1962 செப்டம்பரில் வியாபாரிகள் ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ பலகைகளை எடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள்; சிலவற்றை எடுத்து, கொஞ்ச நாளில் திரும்ப மாட்டினார்கள்.

மே 2 முதல் பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள். கிங்கின் சகா ஜேம்ஸ் பெவலின் யோசனை. பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து அணியணியாக, பாடிக்கொண்டு, ஒரு அணி கைதானதும் அடுத்த அணி. ஆல்பனியில் நடக்காதது இங்கே நடந்தது. சிறை நிரம்பி வழிந்து, பொருட்காட்சி மைதானத்தில் அடைக்க வேண்டியதாயிற்று. நகரின் போலீஸுக்கும் தீயணைப்புத் துறைக்கும் பொறுப்பான ஆணையர் புல் கானர், கைது செய்ய இடம் இல்லாமல்போய், மே 3-ல் நாய்களையும் தீயணைப்புக் குழாயையும் ஏவினார். உலகம் முழுக்க அந்தப் படங்கள் போயின. பிள்ளைகளை முன்னால் அனுப்பியது சரியா என்று அன்றே அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியும் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் கேட்டார்கள். கிங்கும் தயங்கினார். இதற்கு எளிய விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மே 10 உடன்பாட்டைப் பாருங்கள். துணி போட்டுப் பார்க்கும் அறைகள் 3 நாளில் பொதுவாகும், கழிப்பறை, குடிநீர்க் குழாய்ப் பலகைகள் 30 நாளில் போகும், உணவகங்கள் 60 நாளில் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. வீட்டுவசதிப் பாகுபாடு பற்றிய 1966 சிகாகோ உடன்பாட்டில் இப்படி ஒரு கெடுவும் இல்லை, கையில் ஒன்றும் நிற்கவும் இல்லை. மாதம் 90 டாலர் வாடகையில் சேரிக் குடியிருப்பில் தங்கி, மார்க்கெட் (Marquette) பூங்காவில் தலையில் கல்லடி பட்டும், வீட்டுவசதிப் பிரச்சினையில் அங்கே அவரால் பெரிதாக எதையும் சாதிக்க முடியவில்லை. சிகாகோ மேயர் டேலி புல் கானர் மாதிரி அல்ல. சிரித்துக் கைகொடுத்து, உறுதி சொல்லி அனுப்பிவிடுவார்.

சட்ட மாணவர்களுக்கு ஒரு செய்தி. பர்மிங்ஹாம் தடையாணையை மீறியது தவறுதான், முதலில் நீதிமன்றத்தில் அதை எதிர்த்திருக்க வேண்டும் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில் தீர்ப்பளித்தது. நோபல் பரிசு பெற்று மூன்று ஆண்டு ஆன பிறகு, 1967 அக்டோபர் கடைசியில், கிங் மறுபடி பர்மிங்ஹாம் போய்ச் சிறைத் தண்டனையை அனுபவித்தார். அந்த ஊர்வலத்துக்கு அனுமதி மறுக்கப் பயன்பட்ட நகராட்சி விதியையே 1969-ல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

வாஷிங்டன் பேரணி பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அதை இரண்டே மாதத்தில் நடத்திக் காட்டியவர் ரஸ்டின் என்பதையும், சுமார் இரண்டரை லட்சம் பேருக்குக் கழிப்பறை, தண்ணீர், முதலுதவி, வாகன நிறுத்தம் எல்லாம் அவர் கைப்புத்தகமாக அச்சிட்டு அனுப்பினார் என்பதையும் மட்டும் சேர்க்கிறேன். வெயிலில் கெட்டுப்போகும் என்பதால் மயோனைஸ் தடவிய சாண்ட்விச் கொண்டுவராதீர்கள் என்பது வரை அதில் யோசித்திருந்தார்கள். முதல் நாள் யாரோ நாசம் செய்த ஒலிபெருக்கி அமைப்பை இராணுவத்தின் தொலைத்தொடர்புப் பிரிவினர் இரவோடிரவாகச் சரிசெய்தார்கள். அது நடக்காமல் இருந்தால் கனவுப் பேச்சு முன்வரிசையைத் தாண்டியிருக்காது. கோரிக்கைகளில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் என்பதும் ஒன்று. பேரணியின் பெயரே வேலைக்கும் விடுதலைக்குமானது.

அலபாமாவின் செல்மாவில் குறி ஒன்றே: வாக்காளர் பதிவு. அங்கே பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். எழுத்தறிவுச் சோதனை வேறு. சிறையில் என்னோடு இருக்கும் கறுப்பினத்தவர் எண்ணிக்கை வாக்காளர் பட்டியலில் இருப்பதைவிட அதிகம் என்று 1965 பிப்ரவரியில் கிங் விளம்பரக் கடிதமே வெளியிட்டார். மார்ச் 7-ல் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் சுமார் 600 பேர் அடிபட்டபோது அவர் அட்லாண்டாவில் இருந்தார். மார்ச் 9-ல் பாலம் வரை போய், மண்டியிட்டு ஜெபித்து, திரும்பிவிட்டார். நீதிமன்றத்தின் தற்காலிகத் தடை இருந்தது காரணம், மாணவர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. பின்னர் நீதிபதி பிராங்க் ஜான்சன் தந்த அனுமதியில், சாலை குறுகி இருவழியாகும் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்று நிபந்தனை. அதனால்தான் 54 மைல் முழுக்க நடந்தவர்கள் சில நூறு, மார்ச் 25-ல் மான்ட்கோமரியில் சேர்ந்தவர்கள் 25,000. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் பல்லே, பழைய குற்றம் உள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் வாஷிங்டனிடம் அனுமதி பெற வேண்டும் என்ற பிரிவுதான். எந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் சூத்திரத்தை 2013 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ‘கிங் வாங்கித் தந்த வாக்குரிமைச் சட்டம் இன்றும் காவலாக நிற்கிறது’ என்ற கட்டுரையின் வரி ஆகவே திருத்தப்பட வேண்டும்.

அவருடைய மரபில் வெளிச்சம் படாத இன்னொரு பகுதி குடியுரிமைப் பள்ளிகள். செப்டிமா கிளார்க் உருவாக்கியது. முதல் பள்ளி 1957-ல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஒரு கடையின் பின்னறையில் தொடங்கியது. கையெழுத்துப் போடுவது, படிவம் நிரப்புவது, வாக்காளர் சோதனைக்கு வேண்டிய அரசியல் சட்ட வாசகங்களைப் படிப்பது. கிங்கின் அமைப்பு பின்னர் இதை எடுத்து, ஐந்து நாள் பயிற்சி கொடுத்து, ஆசிரியர்களை அவரவர் ஊருக்கே அனுப்பியது. ஆனால் அந்த அமைப்பைப் பாதிரியார்களான ஆண்களே நடத்தினார்கள். எலா பேக்கர் (Ella Baker) மாதிரி ஆற்றல் மிக்க பெண் அங்கே நிலைக்க முடியவில்லை. இதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக மெம்பிஸ். 1968 பிப்ரவரி 1-ல் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை வண்டியின் நசுக்கும் பொறியில் சிக்கி இறந்தார்கள். 12-ஆம் தேதி 1,300 பேர் வேலைநிறுத்தம். மார்ச் 28 ஊர்வலத்துக்குக் கிங் வெளியூரிலிருந்து நேராக, தாமதமாக வந்து முன்வரிசையில் சேர்ந்தார். அவருடைய ஆட்கள் அந்த ஊரில் பயிற்சி எதுவும் நடத்தியிருக்கவில்லை. ஊர்வலத்தைக் கட்டுப்படுத்தும் தொண்டர்கள் போதவில்லை. உள்ளூர் இளைஞர் குழுவோடு யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. ‘நானும் மனிதன்’ என்ற அட்டைகளைத் தாங்கிய மரக்குச்சிகளையே பிடுங்கிச் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீஸ் பாய்ந்தது; 16 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கிங் தலைமையில் போன ஊர்வலத்தில் வந்தவர்களே கலவரத்தில் இறங்கியது அதுவரை நடக்காதது. சரியாகத் தயாரித்து மறுபடி நடத்தத்தான் ஏப்ரல் 3-ல் திரும்பி வந்தார். லொரெய்ன் விடுதியில் அவர் ஆட்கள் அந்த இளைஞர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மறுநாள் மாலை அதே விடுதியின் மாடியில் சுடப்பட்டார். ஏப்ரல் 8-ல் கொரெட்டா கிங் தலைமையில் அமைதி ஊர்வலம், 16-ல் சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும்.

‘அனைவராலும் நேசிக்கப்பட்டவர்’ என்றும் கட்டுரை சொல்கிறது. 1966-ல் கேலப் நிறுவனம் கேட்டபோது 63 சதவீதம் அமெரிக்கர்கள் அவரைப் பிடிக்காது என்றார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 4-ல் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியதும் நட்பாக இருந்த நாளிதழ்களே கண்டித்தன. பிறந்தநாளை விடுமுறையாக்கும் சட்டம் கையெழுத்தாகவே 1983 நவம்பர் ஆயிற்று.

அடுத்த ஜனவரியில் கிங் கட்டுரை வெளியிடும்போது, வழக்கமான மேடைப் படத்தைச் சிறிதாக்கி, பர்மிங்ஹாம் அட்டையின் பத்து விதிகளையும் அதன் வேலைப் பட்டியலையும் முழுதாகத் தமிழில் கட்டம் கட்டிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நாளிதழில் அரைப் பத்தி (column) இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்